புதுப்பிப்பு: கையால செஞ்ச பூல் க்யூ, புதுசா வர்றவங்க எப்படி விக்கிறது?

பேரே தெரியாத ஒருத்தன் செஞ்ச க்யூவ (மேஜை மேல பந்த அடிச்சு ஆடுற பூல் ஆட்டத்தோட கோல்) யார் வாங்குவாங்கன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இப்போ விக்க ஆரம்பிச்சிடுச்சு.

விலைய குறைங்க, போட்டோ நல்லா எடுங்க, முதல்ல ரிப்பேர் வேலை பிடிங்கன்னு மூணு யோசனை வந்துச்சு. கை கொடுத்தது ரிப்பேர்தான். டிப் (பந்துல படுற நுனி) மாத்துறது, ஃபெரூல் (டிப்புக்கு கீழ இருக்க சின்ன குழாய்) மாத்துறதுன்னு எடுத்து செஞ்சேன், டிப்போட ஓரமும் ஃபெரூலும் விரல்ல தட்டாம ஒரே மட்டமா சேர்ந்திருந்தா போதும், ஆடுறவங்களுக்கு அதுலயே நம்ம கை தெரிஞ்சிடுது, அப்புறம் அவங்களே பக்கத்துல இருக்கவங்ககிட்ட சொல்லிடுறாங்க. விலைய குறைக்கிறது எனக்கு ஒத்து வரல, குறைச்சா சந்தேகம்தான் வருது.

எதிர்பார்க்காதது என்னன்னா, முழு க்யூ கேக்குறதுக்கு முன்னாடி நிறைய பேரு ஷாஃப்ட் (க்யூவோட மெல்லிசான முன் பாதி) மட்டும்தான் கேட்டாங்க, அவங்க பட்ல (கையில பிடிக்கிற பின் பாதி) இருக்க ஜாயின்ட் பின்னுக்கு, அதாவது ரெண்டு பாதியையும் சேக்குற திருகாணிக்கு, பொருந்துற மாதிரி. அதனால 3/8-10, 5/16-14 (பின்னோட தடிமன் அங்குலத்துல, அப்புறம் ஒரு அங்குலத்துக்கு எத்தனை மரை) ரெண்டு த்ரெட்டுக்கும் கருவி வச்சுக்கோங்க. இன்லே வேலைப்பாட்ட (மரத்துல பதிக்கிற அலங்காரம்) பத்தி யாருமே பெருசா கேக்கல, அடிச்சா கைக்கு எப்படி இருக்கு, ஷாஃப்ட் வளையுமா, இதான் கேள்வி. ஷாஃப்ட் வளையாம இருக்க, மேப்பிள் மரத்த ஒரே மூச்சுல கடையாம கொஞ்சம் கொஞ்சமா கடைஞ்சு நடுவுல ஆற விடுறேன், அந்தந்த நிலையில எடுத்த போட்டோவ காட்டுனா பேரமே பேசுறதில்ல.

ஒரு சாதா க்யூவ நல்லா ஆடுற ஒருத்தர்கிட்ட இரவலா குடுத்திருக்கேன், அதுல இருந்தும் ஆர்டர் வருது.