புதுப்பிப்பு: லோட்டஸ் செவன் பாணி சேஸிஸின் முறுக்கு விறைப்பு

லோட்டஸ் செவன் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் பாணியில் எஃகுக் குழாய்களால் கட்டும் சேஸிஸ் (காரின் சட்டகம்) முறுக்கினால் திருகாமல் விறைப்பாக நிற்க, 25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. தடிமன் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதும். ஆனால் மூலைவிட்டம் (மூலைக்கு மூலை போகும் குழாய்) இல்லாத நாற்கரக் கட்டத்தைத் தடிமன் காப்பாற்றாது. மோசமான இடம் எஞ்சின் அறை; எஞ்சினை இறக்க மேல்பக்கம் திறந்தே கிடக்கிறது. அங்கே கழற்றக்கூடிய மூலைவிட்டக் குழாயைப் போல்ட் போட்டு மாட்டுங்கள். போல்ட் துளை இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்தால் சுமை ஏறும்முன் வழுக்கிவிடும். விறைப்புக்காகக் குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) வாங்காதீர்கள். வலிமைதான் கூடும்; விறைப்பைத் தீர்மானிக்கும் யங் குணகம் சாதாரண எஃகுக்கும் அதற்கும் ஏறக்குறைய 205 ஜிகாபாஸ்கல்தான்.

சோதிக்க, பின் சஸ்பென்ஷன் பிடிப்புகளை அசையாமல் கட்டி, முன்புறத்தை நடுவில் தாங்கி, பக்கவாட்டில் நீட்டிய 1 மீட்டர் கைத்தண்டின் முனையில் 50 கிலோ தொங்கவிடுங்கள்: 490 நியூட்டன் மீட்டர். முன்னே 700 மி.மீ. அகலத்தில் இடது, வலது உயர வேறுபாடு 4 மி.மீ. என்றால் முறுக்கம் 0.33 பாகை, அதாவது பாகைக்குச் சுமார் 1500 நியூட்டன் மீட்டர். பின்முனை அசைந்த அளவைக் கட்டாயம் கழியுங்கள்.