மறு: வேகமா ஓடுற லாவாவுக்கு "விரைகுழம்பு" வேணாம், வேற பேரு வைப்போம்

தமிழ்க் கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்,

ஐயா எழுதுனது: வேகமா பாயுறதால விரைகுழம்புன்னே வச்சிடலாம், சுருக்கமா இருக்கு, பசங்களுக்கும் பட்டுனு புரியும்.

சுருக்கமா இருக்குறது வாஸ்தவம்தான் ஐயா, ஆனா இந்தப் பேரை என்னால ஒத்துக்க முடியல, ஏன்னா வேகம்ங்கிறது அந்தக் குழம்போட குணம் மட்டும் இல்ல, அது ஓடுற இடத்தையும் பொறுத்தது.

நாம எல்லாரும் மனசுல வச்சிக்கினு பேசுறது காங்கோவுல இருக்குற நியிராகோங்கோ எரிமலையத்தான். 1977 ஜனவரி 10ஆம் தேதி, உச்சிக் குழியில தேங்கியிருந்த லாவா ஏரி, மலையோட பக்கவாட்டு வெடிப்புங்க வழியா ஒரு மணி நேரத்துக்குள்ள வடிஞ்சே போச்சு, மேல் சரிவுல மணிக்கு 60 கிலோமீட்டர் வரைக்கும் வேகம் இருந்திருக்கும்னு கணிச்சிருக்காங்க, லாவா வந்தா நடந்தே தப்பிச்சிடலாம்னு பொதுவா சொல்லுவாங்களே அது அன்னிக்கு எடுபடல, கீழ இருந்த கிராமத்து ஜனம் ஓட நேரமில்லாம மாட்டிக்கிச்சு. அதே மலை 2002 ஜனவரி 17ஆம் தேதி கோமா நகரத்துக்குள்ளயே வந்துச்சு, ஆனா அங்க தரை சமம், வேகம் கொறஞ்சிடுச்சு, வீடுங்களையும் விமான ஓடுபாதையில ஒரு பகுதியையும் மூடிட்டு கிவு ஏரியில போய் எறங்குச்சு, சுமார் 4 லட்சம் பேரு ஊரை விட்டுக் கெளம்ப முடிஞ்சுது. 2021 மே 22 ராத்திரி வந்தது நகரத்தோட ஓரத்துலயே நின்னுடுச்சு. மூணு தடவையும் ஒரே வகைக் குழம்புதான். சரிவுல ஓடுனா விரைகுழம்பு, சமதரையில நின்னுட்டா அதுக்கு என்ன பேரு வைப்பீங்க?

எரிமலை ஆய்வாளருங்க போடுற கணக்கே இதத்தான் சொல்லுது. சரிவு எவ்ளோ, ஓடுற குழம்போட கனம், அதாவது தடிமன் எவ்ளோ, பாகுநிலை, அதாவது ஓட விடாம இழுத்துப் புடிக்கிற கெட்டித்தன்மை எவ்ளோ, இந்த மூணும் சேந்துதான் வேகம். கனம் ரெண்டு மடங்கானா வேகம் நாலு மடங்காகும், பாகுநிலை ரெண்டு மடங்கானா வேகம் பாதியாயிடும். இதுல சரிவும் கனமும் எடத்துக்கு எடம் மாறும், குழம்போட சொந்தக் குணம்னா பாகுநிலை ஒன்னுதான். அதத்தான் அவங்க கல்லை எடுத்துக்கினு வந்து உலையில திரும்ப உருக்கி, உள்ள ஒரு தண்டை விட்டுச் சுத்தி, சுத்துறதுக்கு எவ்ளோ மல்லுக்கட்டுதுன்னு அளக்குறாங்க. நியிராகோங்கோ கல்லுல சிலிக்கா ரொம்பக் கம்மி, ஹவாயில 50 சதவீதம் கிட்ட இருக்கும், இங்க 40க்கும் கீழ, சிலிக்கனும் ஆக்சிஜனும் சங்கிலியா கோத்துக்கறது கொறையறதால குழம்பு எளசா இருக்கு. கலைச்சொல் இந்த எடத்துலதான் பொறக்கணும்.

என்னோட முன்மொழிவு: இளம்பாகு லாவா. இதுக்கு எதிரா முதிர்பாகு லாவா.

பாகுநிலைன்னு பாடப்புத்தகத்துலயே இருக்கு, அதோட ஒட்டிக்கும். எங்க வேலூர் கிட்ட அணைக்கட்டுங்கிற ஊர் பக்கம் வெல்லம் காச்சுற கொட்டாயில போய் நின்னா, பாகு இன்னும் எளசு, வழிஞ்சு ஓடும், முத்திடுச்சு, இனிமே அச்சுல ஊத்தலாம்னு பதம் பாத்து சொல்லுவாங்க. தொழில் செய்யுறவன் பாகுநிலைய கண்ணால அளந்து வச்ச சொல்லு அது, நாம பொறுக்கி எடுத்துக்க வேண்டியதுதான். மத்த ஊர்லயும் இப்படித்தான் நடந்திருக்கு, ஹவாய் ஜனங்க வழவழன்னு உறையறத பாஹோயிஹோயி, கரடுமுரடா உறையறத ஆஆன்னாங்க, உலகம் முழுக்க புவியியல்காரங்க அதையே எழுதுறாங்க. கோமா பக்கம் பள்ளத்துல கார்பன் டை ஆக்ஸைடு தேங்கி ஆளையே சாய்ச்சிடும், சுவாகிலில அதுக்கு மாசூக்கு, ஆய்வுக் கட்டுரையிலயும் அதே பேருதான்.

இன்னொன்னு, இது எங்கயோ ஆப்பிரிக்கா சமாச்சாரம்னு நெனைக்காதீங்க. தான்சானியாவுல ஓல்டோய்ன்யோ லெங்காய்னு ஒரு எரிமலை, சிலிக்காவே கிட்டத்தட்ட இல்லாத, கார்பனேட்டால ஆன கார்பனடைட் லாவாவ கக்குறது இப்ப உலகத்துல அது ஒன்னுதான், 500, 600 டிகிரியிலயே அவ்ளோ எளசா ஓடும். அந்தக் கார்பனடைட் கல்லு நம்ம பழைய வட ஆற்காட்டுலயே, திருப்பத்தூர் கிட்ட செவ்வாத்தூர்ல, வெர்மிகுலைட்ங்கிற கனிமத்தை தோண்டுற எடத்துல இருக்கு. 70, 80 கோடி வருஷத்துக்கு முன்ன பூமிக்குள்ளயே உறைஞ்சது. லெங்காய் லாவாவோட அச்சு அசலா ஒன்னு இல்ல, அதுல சோடியம் ஜாஸ்தி, இதுல கால்சியமும் மக்னீசியமும், ஆனா ஒரே குடும்பம். நம்ம மண்ணுல இருக்குற கல்லுக்கு நாமளே பேரு வைக்கலன்னா வேற யாரு வைப்பாங்க?

வேலூர்லேந்து

———

தம்பி, பாகு எனக்குப் புடிச்சிருக்கு. ரெண்டு சந்தேகம். புவியியல்ல இளம் பாறைன்னா சமீபத்துல உண்டான பாறை, இளம்பாகு லாவான்னா நேத்து வந்த லாவான்னு பசங்க எழுதிடுவாங்க. ரெண்டாவது, ஓடிக்கினே இருக்கும்போதே சூடு கொறைஞ்சு உள்ள படிகம் கட்டும், மேல எளசா இருந்தது கீழ வர்றதுக்குள்ள முத்திடும், அப்ப ஒரே ஓட்டத்துக்கு எந்தப் பேரை எழுதுறது?

ஆரணியிலிருந்து

———

அக்கா, இளஞ்சூடுன்னா புதுச் சூடுன்னு யாரும் எடுத்துக்கறதில்ல, இளஞ்சிவப்பும் அப்படித்தான். பாகுங்கிற சொல்லு கூடவே நிக்கற வரைக்கும் குழப்பம் வராது, தனியா "இள லாவா"ன்னு மட்டும் வெட்டி எழுதக்கூடாது, அத குறிப்புலயே போட்டுடலாம்.

ரெண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். அதனாலதான் இது கல்லுக்கு வைக்கிற பேரா இருக்கக் கூடாது, ஓடும்போது இருக்குற பதத்துக்கு வைக்கிற பேரா இருக்கணும். ஹவாயிலயும் பாஹோயிஹோயியா கெளம்புனது வழியில ஆஆவா மாறும், திரும்பி மாறாது. நீங்க சொன்னதையும் சேத்து பதிவை இப்படி மாத்தியிருக்கேன்:

இளம்பாகு லாவா – பாகுநிலை குறைவா, எளிதில் வழிந்தோடும் பதத்தில் உள்ள லாவா. வேகத்தைக் குறிக்காது, வயதைக் குறிக்காது. ஒரே ஓட்டத்தில் வாய்க்கு அருகே இளம்பாகாகவும் கீழே முதிர்பாகாகவும் இருக்கலாம். எந்த இடத்தில், எந்த நேரத்தில் பார்த்தது என்று சேர்த்து எழுதவும்.

"வாய்க்கு அருகே"ங்கிறதுக்கு பதிலா "வெடிப்புக்கு அருகே"ன்னு போடலாமான்னு மட்டும் பாத்து சொல்லுங்க அக்கா, நியிராகோங்கோவுல பக்கவாட்டு வெடிப்புலேந்துதான வந்துச்சு.