ஏடிமெகா328-இல் சைன்: டேபிளா, கார்டிக்கா?

மின்சுருள்:
மூன்று பேஸ் மோட்டார் டிரைவ். சிப் ஏடிமெகா328 (8 பிட் ஏவிஆர் வகை), 16 மெகாஹெர்ட்ஸ். மோட்டாருக்குப் போகும் துடிப்பின் அகலத்தை மாற்றும் பிடபிள்யூஎம் இன்டரப்ட் 8 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஒவ்வொரு முறையும் 2000 சைக்கிள்தான் கையில். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கரண்ட் லூப்பும் அதற்குள் ஓட வேண்டும். ஃப்ளோட் (தசம எண்) சைன் கட்டுப்படியாகாது. க்யூ15-இல் (1-ஐ 32768 என்று வைக்கும் 16 பிட் முழு எண்) எழுத, முன்பே கணக்கிட்ட சைன் டேபிளா, கார்டிக்கா, எது சரி?

வலதுஷிப்ட்:
கார்டிக். ஒரு வெக்டரைச் சிறுசிறு கோணங்களாகச் சுழற்றி விடை காணும், ஜாக் வோல்டர் 1959-இல் வெளியிட்ட முறை. பெருக்கலே வேண்டாம், ஷிப்ட் (பிட்டுகளை நகர்த்துதல்), கூட்டல், கழித்தல், 15 ஆர்க்டேன் எண்கள், மொத்தம் 30 பைட். கோணத்தை முதலில் ±90 டிகிரிக்குள் கொண்டு வாங்க, ஏனென்றால் ±99.88-ஐத் தாண்டினால் குவியாது. எக்ஸ்-இல் 19898 (0.60725 × 32768), ஒய்-இல் 0 போட்டு 15 சுற்று ஓட்டினால் சைனும் கொசைனும் ஒன்றாகக் கிடைக்கும். மூன்று பேஸையும் அந்த இரண்டிலிருந்தே எடுக்கலாம்.

கால்வட்டம்:
"பெருக்கலே வேண்டாம்" என்பது ஷிப்ட் இலவசமாகக் கிடைக்கும் இடத்தில்தான் லாபம். எஃப்பிஜிஏ-வில் (சுற்றை நாமே அமைக்கும் சிப்) அது வெறும் வயரிங். ஏவிஆர்-இல் ஒரு கட்டளைக்கு ஒரு பிட்தான் நகரும். சுற்றுக்கு ஒன்றாக ஷிப்ட் கூடும்; 0 முதல் 14 வரை கூட்டினால் 105. எக்ஸ், ஒய் இரண்டுக்கும் 210. லூப்போடு சேர்த்து ஒரு பிட்டுக்கு 5 சைக்கிள் என்றால் ஷிப்டுக்கு மட்டும் 1050. உங்கள் பட்ஜெட்டில் பாதி போயிற்று! அதே சிப்பில் 8×8 பெருக்கல் 2 சைக்கிள். அதை விட்டுவிட்டு ஷிப்டைப் பிடிப்பது வீண்.

டேபிள் என்றால் கால் வட்டத்துக்கு 257 சைன் எண்கள், 514 பைட், ஃப்ளாஷ் நினைவகத்தில். முழு வட்டம் = 65536 என்று கோணத்தை 16 பிட்டில் வைத்தால் சுற்றி வருவது தானாக நடக்கும். மேல் 2 பிட் கால் வட்டம், அடுத்த 8 இன்டெக்ஸ், கீழ் 6 பின்னம். பக்கத்து எண்களின் வித்தியாசம் அதிகபட்சம் 201, ஆக ஒரு பைட்டில் அடங்கும். பின்னத்தை 2 பிட் இடது தள்ளி வித்தியாசத்தோடு பெருக்கி, 128 கூட்டினால் மேல் பைட்டே விடை. வலது ஷிப்டே கிடையாது. இடைக்கணிப்புப் பிழை சுமார் 4.7 × 10⁻⁶, அரை எல்எஸ்பி-யை (கடைசி பிட்டின் மதிப்பு) விடக் குறைவு. 64 துண்டு போதும் என்று குறைக்காதீர்கள், பிழை 2.5 எல்எஸ்பி ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: இரண்டாம், நான்காம் கால் வட்டத்தில் பிட்டைத் தலைகீழாக்கித் திருப்பினால் கோணம் ஒரு படி தள்ளிப்போய், பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் 3 எல்எஸ்பி பிழை வரும். 16384-லிருந்து கழியுங்கள்.

வலதுஷிப்ட்:
கணக்கு சரி, ஆனால் சைன் மட்டும்தானா வேலை? ரோட்டர் கோணம் சைன்-கொசைன் சென்சாரிலிருந்து வந்தால் ஆர்க்டேன் வேண்டும். டேபிளுக்கு முதலில் வகுக்கணும். ஏவிஆர்-இல் வகுத்தல் கட்டளையே இல்லை. கார்டிக்கை வெக்டரிங்கில் (ஒய் பூஜ்யமாகும் வரை சுழற்றும் முறை) ஓட்டினால் கோணமும் அளவும் சேர்ந்தே வரும்.

கால்வட்டம்:
அந்த வேலைக்கு ஒத்துக்கொள்கிறேன். சைனுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த 19898-ஐயும் மாற்றச் சொல்லுங்கள். கார்டிக் சுற்றுகள் நீளத்தைப் பெருக்கும் அளவான 1.64676-ஆல் பெருக்கினால் 32767, அதாவது 16 பிட்டின் உச்சம். ரவுண்டிங்கில் ஒரு எல்எஸ்பி கூடினாலும் −32768-க்குத் தாவும், அலையின் உச்சியில் முள் அடிக்கும். 19890 போடணும். மைனஸ் எண்ணை ஷிப்ட் செய்தால் எப்போதும் கீழ்ப்பக்கமே வெட்டுப்படும். 15 சுற்றில் அது சேர்ந்து கடைசி 3, 4 பிட் குப்பை. தடுக்க 24 பிட் ரெஜிஸ்டருக்குப் போனால் நேரம் இன்னும் கூடும்.

டிஎஸ்பி_தம்பி:
கார்டெக்ஸ்-எம்0 என்ற 32 பிட் சிப்புக்கு மாறினால் பிரச்சினையே இல்லையே அண்ணா? எத்தனை பிட் ஷிப்டும் ஒரே கட்டளை.

கால்வட்டம்:
அங்கே கார்டிக் நியாயமான போட்டி, தம்பி. ஆனால் கேட்டது 328 பற்றி.

மின்சுருள்:
சைனுக்கு டேபிள் போடுகிறேன். சென்சாரைப் படிப்பது 10 பிட் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி), நடுவைக் கழித்தால் −512 முதல் 511. வெக்டரிங்குக்கு அப்படியே கொடுக்கலாமா?

வலதுஷிப்ட்:
கூடாது. சிறிய எண்ணை நாலைந்து சுற்று ஷிப்ட் செய்ததுமே பிட் தீர்ந்துவிடும், கோணம் ஆடும். 4 பிட் இடது தள்ளிக் கொடுங்க: 8192 × 1.414 × 1.6468 = சுமார் 19,080, இடம் இருக்கிறது. 5 தள்ளினால் 38,000-ஐத் தாண்டி வழியும். எக்ஸ் மைனஸ் என்றால் இரண்டின் குறியையும் மாற்றி, கோணத்தோடு 32768 கூட்டுங்க.