மறு: ‘அளவிடக்கூடிய வழங்கி’ – வேறு சொல் உண்டா?

வணக்கம்.

சுமை ஏறினாலும் திணறாமல் சமாளிக்கும் அமைப்பை ஆங்கிலத்தில் ‘ஸ்கேலபிள்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்தப் பேச்சைத் தொடங்கிவிட்டு இரண்டு வாரம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். காரணமும் இதே விஷயம்தான். நான் பார்த்துக்கொள்ளும் சொற்பட்டியல் தளத்தைப் பழைய வழங்கியிலிருந்து (சர்வர்) கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளுக்கு, மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த வேலையைப் படிப்படியாகத் தமிழில் எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் ‘ஸ்கேலபிள்’ குறுக்கே வந்து நின்றது. தளம் மாறிவிட்டது, சொல் மட்டும் பாக்கி.

‘அளவிடக்கூடிய’ வேண்டாம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து என்று நினைக்கிறேன். இயந்திர மொழிபெயர்ப்பு விடாமல் அதையே தருகிறது. பென்சில் பெட்டியில் கிடக்கும் ஸ்கேலை நினைத்துக்கொண்டு செய்தது போல இருக்கிறது. அளந்து பார்க்க முடியாத வழங்கி என்று ஒன்று உண்டா என்ன? (இலத்தீனில் ‘ஸ்காலா’ என்றால் ஏணி. ‘ஸ்கேலபிள்’ என்பதற்கும் ஆங்கிலத்தில் முதலில் ‘ஏறத்தக்கது’ என்றுதான் பொருள். ஏணியைப் பிடித்திருந்தாலாவது பாதி தூரம் வந்திருக்கலாம்.)

> ‘விரிவாக்கத்தக்க’ ஏற்கெனவே பல இடங்களில் புழங்குகிறது. புழங்கும் சொல்லை ஏன் தொட வேண்டும்?

புழங்குகிறது, உண்மை. ஆனால் ‘விரிவாக்கத்தக்க மென்பொருள்’ என்று படித்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? புதிய வசதிகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதானே? அது வேறு கருத்து, அதற்கு அந்தச் சொல் தேவைப்படும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. என் தளத்தில் எதுவுமே விரியவில்லை. முன்பு ஒரே இயந்திரம், அதில் சில ஆயிரம் கோப்புகள். கூட்டம் வந்தால் இணைப்புகள் வரிசையில் நிற்கும், கொஞ்ச நேரத்தில் தளம் படுத்துவிடும். வழங்கி நிறுவனத்திடம் கேட்டால் ஒவ்வொரு முறையும் ‘பெரிய இயந்திரத்துக்கு மாறுங்கள்’ என்ற ஒரே பதில். இப்போது அதே கோப்புகள் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (கோப்புகளை வைத்து எடுத்துத் தரும் கிளவுடு சேமிப்பகம்) கிடக்கின்றன, முன்னால் ஒரு சிடிஎன் (பல இடங்களில் நகல் வைத்துப் பரிமாறும் கணினி வலையமைப்பு) நிற்கிறது. பக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. படிப்பவருக்கு அருகிலிருக்கும் கணினி ஒரு நகலை வைத்துக்கொண்டு பதில் சொல்கிறது, கோப்புகள் கிடக்கும் மூலத்துக்குக் கோரிக்கை வருவதே அபூர்வம். இதை ‘விரிந்தது’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நகல் தானாகத் தங்கிவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். முதல் நாள் கேஷ் கண்ட்ரோல் தலைப்பை (நகலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று கோப்போடு அனுப்பும் குறிப்பு) சரியாக வைக்காமல் விட்டதால், சிடிஎன் எதற்கெடுத்தாலும் மூலத்தைப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. பெயரிலேயே பதிப்பு அடையாளம் உள்ள படங்களுக்கும் ஸ்டைல் கோப்புகளுக்கும் ஓர் ஆண்டு, அதாவது 31,536,000 நொடி, பக்கங்களுக்குச் சில நிமிடம் என்று மாற்றிய பிறகுதான் அடங்கியது. கேஷிலேயே, அதாவது நகலிலிருந்தே, கிடைப்பது 95 விழுக்காட்டிலிருந்து 99 ஆனால் பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றும். மூலத்தின் பக்கம் நின்று பாருங்கள்: நூற்றுக்கு ஐந்து கோரிக்கை வந்த இடத்தில் ஒன்றுதான் வருகிறது. சுமை ஐந்தில் ஒரு பங்கு.

> ‘தாங்குதிறன்’ இருக்கிறதே, போதாதா?

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நல்ல சொல், வினைத்தொகையாக அழகாக அமைந்தது. ஆனால் ஒரு பாலத்தின் தாங்குதிறன் இத்தனை டன் என்று எழுதிவைத்துவிடலாம். அது ஓர் எல்லை. நாம் தேடுவது அந்த எல்லையை அல்ல. சுமை ஏறும்போது அமைப்பு கூடவே எழுகிறதா, பாதியில் மடங்குகிறதா என்பதை.

1999-இல் டான் கெகல் என்ற நிரலாளர் எழுதிய ‘சி10கே’ சிக்கல் பலருக்கு நினைவிருக்கும். ஒரே வழங்கியில் ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளை எப்படிச் சமாளிப்பது என்பது அதன் கேள்வி. இணைப்புக்கு ஓர் இழை (த்ரெட், நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) என்று ஒதுக்கும் வழங்கியும், ஒரு சில ப்ராசஸ்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த இணைப்பில் வேலை வருகிறது என்று கவனிக்கும் என்ஜின்எக்ஸ் போன்ற வழங்கி மென்பொருளும் நூறு இணைப்பில் ஏறத்தாழ ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். கூட்டம் பல ஆயிரமாகும்போது முதலாவதுக்கு நினைவகம் கரையத் தொடங்கும், இழைகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே பொழுது போய்விடும். இன்றைய சுமையை இரண்டுமே தாங்கின, ஆனால் ஏறும் சுமைக்கு ஒன்று மட்டும்...

வாக்கியத்தை முடியுங்கள் என்றால் தமிழ் தெரிந்த யாரும் ‘ஈடுகொடுத்தது’ என்றுதான் முடிப்பார்கள். கூட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, அவர் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடினான், விலைவாசிக்கு ஈடுகொடுக்காத சம்பளம். இந்தக் கருத்துக்குத் தமிழில் எப்போதோ வினை இருக்கிறது, நாம்தான் பெயர்ச்சொல்லைத் தேடி அலைந்துகொண்டிருந்தோம். என் முன்மொழிவு: ஈடுகொடுதிறன். அடையாக வரும்போது ‘ஈடுகொடுக்கும்’ போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நான்காம் வேற்றுமை. ‘ஸ்கேலபிள் ஹோஸ்டிங்’ என்று விளம்பரத்தில் போட்டுவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ‘ஈடுகொடுக்கும் வழங்கி’ என்று எழுதிப் பாருங்கள், ‘எதற்கு?’ என்ற கேள்வி உடனே வந்து விழும். படிப்பவர் எண்ணிக்கைக்கா, தரவின் அளவுக்கா, பக்கங்களின் எண்ணிக்கைக்கா?

இது வெறும் இலக்கண விளையாட்டு இல்லை. என் தளம் இப்போது எவ்வளவு பேர் வந்தாலும் அசைவதில்லை. ஆனால் சொற்கள் சேரச் சேர, எல்லாப் பக்கங்களையும் ஆக்கித் தரும் நிரல் மெதுவாகிக்கொண்டே போகிறது. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் மொத்தத் தளத்தையும் திரும்ப ஆக்குகிறது. ஆக, கோரிக்கைக்கு ஈடுகொடுக்கிறது, பக்க எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்கவில்லை. ‘விரிவாக்கத்தக்க தளம்’ என்று எழுதியிருந்தால் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியிருப்பேன், எந்தப் பக்கம் ஓட்டை என்று எனக்கே தெரிந்திருக்காது.

வரக்கூடிய மறுப்புகளை நானே சொல்லிவிடுகிறேன். ‘ஈடு’ என்றால் அடமானமும் உண்டு, இழப்பீடும் உண்டு. ஆனால் ‘கொடு’ கூடவே நிற்கும்வரை குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். அதனால்தான் சுருக்கவும் கூடாது. சுருக்கினால் வீடு ‘வீட்டு’ ஆவதுபோல ஈடு ‘ஈட்டு’ ஆகி, ‘ஈட்டுத்திறன்’ என்று சம்பாதிக்கும் திறமையாகிவிடும். நம் வழங்கிகள் அதைத் தவிர மற்றதெல்லாம் செய்கின்றன.

வலுவான மறுப்பு வேறு. கூட்டம் கலைந்த பிறகு இயந்திரங்களைக் குறைத்துக்கொள்வதை ‘ஈடுகொடுத்தல்’ காட்டாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆங்கிலத்திலும் அதற்கு ‘எலாஸ்டிக்’ என்று தனிச்சொல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அமேசான் 2006-இல் வாடகைக்கு விட்ட கணினிச் சேவையின் பெயரிலேயே அது இருக்கிறது. அதற்கு ‘நெகிழ்’ என்ற அடியிலிருந்து ஒன்றைத் தனியாகப் பேசலாம். ‘மீள்திறன்’ வேண்டாம், பழுதிலிருந்து எழுந்து வருவதற்கு அது ஏற்கெனவே போய்விட்டது.

ஆங்கிலத்தில் ‘ஸ்கேலிங்’கைக் கிடைமட்டம், செங்குத்து என்று இரண்டு வகை பிரிப்பதையும் அப்படியே பெயர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. தமிழில் படிப்பவருக்கு அந்தப் படம் ஒன்றும் சொல்லாது. இருக்கும் இயந்திரத்தை வலுவாக்கினால் ‘பெரிதாக்கல்’, இயந்திரங்களைக் கூட்டினால் ‘பலவாக்கல்’. விளக்கமே தேவைப்படாது.

> ‘ஸ்டாட்டிக்’ என்பதற்கு ‘நிலையான’ போடுகிறீர்களா?

இதுவரை போட்டேன். ஆனால் ‘நிலையான தளத்தை நிலையான வழங்கிக்கு மாற்றினோம்’ என்று என் வரைவில் ஒரு வாக்கியம் வந்து மாட்டிக்கொண்டது. முதல் ‘நிலையான’ என்பது ‘ஸ்டாட்டிக்’, இரண்டாவது ஆட்டம் காணாதது. முன்கூட்டியே ஆக்கி வைத்தது ‘முன்னாக்கப் பக்கம்’, கேட்கும்போது ஆக்குவது ‘உடனாக்கப் பக்கம்’ என்று எழுதிப் பார்க்கிறேன். இதைத் தனி மடலாகத் தொடங்கினால் நல்லது, இங்கேயே கலந்தால் இரண்டும் முடியாது.

டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வழங்கியின் முகவரியோடு இணைக்கும் பதிவு) பற்றித் தனி மடலில் கேட்டவருக்கு: மாற்றுவதற்கு முன்பே டிடிஎல்லை (அந்தப் பதிவை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவு) 86,400 நொடியிலிருந்து 300க்குக் குறையுங்கள், பழைய 86,400 கழியும்வரை, அதாவது முழுதாக ஒரு நாள், காத்திருங்கள். பழைய வழங்கியை உடனே அணைத்துவிடாதீர்கள். பழைய வழங்கியின் அமைப்புக் கோப்பான .எச்டிஅக்செஸில் எழுதிவைத்த திசைமாற்றங்கள் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் வேலை செய்யாது. நான் அதை மறந்துபோய், பழைய இணைப்புகளில் வந்தவர்களை இரண்டு நாள் பிழைப்பக்கத்தில் நிற்க வைத்தேன்.

வரைவில் ‘ஈடுகொடுதிறன்’ என்று பதினான்கு இடத்தில் போட்டிருக்கிறேன். ஒன்பதில் சரளமாகப் படிக்க முடிகிறது. மற்ற ஐந்தும் ‘தானாக’ என்பதோடு சேர்ந்து வரும் இடங்கள். அங்கே ‘ஆட்டோ ஸ்கேலிங்’ என்பதற்குத் ‘தானியங்கு ஈடுகொடுப்பு’ என்று மாற்றிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. அந்த ஐந்துக்கு மட்டும் யாராவது வேறு வழி சொல்லுங்கள். இந்த ஞாயிறுவரை திருத்தாமல் வைத்திருக்கிறேன்.