மறுமொழி: ரோம மாகாண நாணயங்கள் – ‘ஜோடி முகம்’ சரிவருமா?

> பேரரசர் தலையும் அரசி தலையும் ஒரே பக்கத்தில் இருக்கும் காசுகளுக்கெல்லாம்
> ‘ஜோடி முகம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

வணக்கம் அம்மா,

நம் நாணய அட்டவணையில் ‘ஜோடி முகம்’ என்று போட்டால் புரியும், மறுக்கவில்லை. ஆனால் ஜோடி என்றதும் கணவன் மனைவிதான் நினைவுக்கு வரும். மார்சியானோபோலிஸ் காசுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். (பேரரசர் டிராஜன் தன் அக்கா மார்சியானா பெயரில் அமைத்த ஊர், இன்று பல்கேரியாவில் இருக்கிறது.) அங்கே பேரரசர் மூன்றாம் கோர்டியனும் மனைவி டிராங்குல்லினாவும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கிறார்கள், சரி. அதே அமைப்பில் பேரரசர் கராகல்லா தன் தாய் ஜூலியா டோம்னாவைப் பார்த்தபடி இருக்கிறார். கோர்டியனே இன்னொரு காசில் செராபிஸ் தெய்வத்தோடு இருக்கிறார். இவர்களை ஜோடி என்று எப்படி எழுதுவது?

‘இருமுகம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது முன்னும் பின்னும் முகம் கொண்ட ரோமத் தெய்வம் ஜானஸுக்கு வேண்டும், விட்டுவிடுவோம்.

என் கவலை வேறு. ஒரே சொல்லை வைத்தால் இரண்டு அமைப்புகள் ஒன்றாகிவிடும். எபேசுவில் வெளியான வெள்ளிக் காசு ஒன்றில் பேரரசர் கிளாடியஸின் முகம் முழுதாக இருக்கிறது. அவருக்குப் பின்னால் மனைவி அக்ரிப்பினாவின் நெற்றி, மூக்கு, உதடு, மோவாய் என்று ஓர் ஓரம் மட்டும் எட்டிப் பார்க்கிறது. மார்சியானோபோலிஸில் அப்படி இல்லை. டிராங்குல்லினாவின் தலை கோர்டியன் தலை அளவுக்கே இருக்கிறது, கொண்டையும் தலையணியும் முழுசாகத் தெரிகின்றன.

இந்த வேறுபாடு வெறும் அழகுக்காக வந்ததில்லை. ரோம் அக்கசாலையின் பொற்காசுகளிலேயே பாருங்கள். அக்ரிப்பினாவின் மகன் நீரோ பதவிக்கு வந்த கி.பி. 54-இல் தாயும் மகனும் எதிரெதிரே, சரிசமமாக இருக்கிறார்கள். முன்பக்க வாசகமே அக்ரிப்பினாவின் பெயரும் பட்டமும்தான். 55-இல் மகன் முன்னால் வந்துவிடுகிறார், தாய் பின்னால் போய்விடுகிறார், அவர் பெயரும் பின்பக்கம் போகிறது. அப்புறம் ரோம் காசுகளில் அவர் முகமே இல்லை. 59-இல் அவரைக் கொல்லச் சொன்னதும் அதே மகன்தான். ஒரே ஆண்டில் ஒரு பெண்ணின் செல்வாக்கு இறங்கியதைக் காசு காட்டுகிறது. இரண்டையும் ‘ஜோடி முகம்’ என்று எழுதினால் நம் வாசகருக்கு அது தெரியாமலே போய்விடும்.

அதனால் என் பரிந்துரை: பார்த்துக்கொண்டிருந்தால் எதிர்முகம், ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் அடுக்குமுகம்.

> ‘எதிர்’ என்றால் பகை போலத் தொனிக்கிறதே?

எதிர்வீடு பகைவர் வீடில்லையே அம்மா. மாப்பிள்ளையைக்கூட எதிர்கொண்டுதானே அழைக்கிறோம்? ‘நேர்முக’த்தை நானும் யோசித்தேன், வேலைக்கான தேர்வு அதை எடுத்துக்கொண்டுவிட்டது.

இரண்டாவதற்கு ஆங்கிலத்தில் ‘ஜூகேட்’ என்கிறார்கள். நுகத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘நுகமுகம்’ என்று வைக்க எனக்கு ரொம்ப ஆசை, ஆனால் சொல்லிப் பார்த்தால் நாக்கு புரளவில்லை. நுகத்தடியைப் பார்த்த பிள்ளைகளும் இன்று குறைவு. ‘இணைமுகம்’ நல்ல சொல்தான், இரண்டு அமைப்புக்கும் பொருந்திவிடுவதுதான் அதன் குறை. அடுக்கு மல்லியில் இதழ்மேல் இதழ் இருப்பதுபோல முகத்தின்மேல் முகம் என்பதை ‘அடுக்கு’ உடனே சொல்லிவிடுகிறது.

அட்டவணையில் எப்படி உட்காரும் என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன் (அசாரியா என்பது அந்தக் காசின் மதிப்பலகு):

மார்சியானோபோலிஸ். வெண்கலம், 5 அசாரியா. முன்: கோர்டியன், டிராங்குல்லினா, எதிர்முகம், கிரேக்க வாசகம். பின்: மதிப்பைக் குறிக்கும் எப்சிலான் எழுத்து.

வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள் அம்மா. மாற்றிவிடலாம்.

அன்புடன்