11 வருஷம், 23,412 கீச்சு: உருப்படியாக ஏதாவது உண்டா?

ஊசிநூல் எழுதியது:

கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2013-இல் பக்கத்து செல்போன் கடைத் தம்பி ட்விட்டரில் கணக்குத் திறந்து கொடுத்தான். அன்றிலிருந்து பாபின் சுற்றும் நேரம், கரண்ட் போன நேரம், அளவு ஜாக்கெட்டை மறந்து வந்தவர் வீட்டுக்குப் போய் எடுத்துவரும் நேரம் என்று கிடைத்த சந்தில் எல்லாம் எழுதியிருக்கிறேன். இப்போது எக்ஸ் என்கிறார்கள். எனக்கு அது வாயில் நுழைய மாட்டேன் என்கிறது.

போன வாரம் மகள் என் பதிவுகள் மொத்தத்தையும் இறக்கிக் கொடுத்தாள். கேட்டால் ஜிப் ஃபைலாகத் தருகிறார்கள். 23,412 பதிவு, அதாவது கீச்சு. "இதுல ஒண்ணாவது யாருக்காவது உபயோகப்பட்டிருக்காம்மா?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் போனது.

இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். காலை வணக்கம் மட்டும் மூவாயிரத்துச் சொச்சம். 2013-இல் பாதிப் பதிவு கரண்ட் கட் பற்றித்தான். அந்த வருஷம் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். அப்புறம் இளையராஜாவா ரகுமானா சண்டை. யாருடன் போட்டேன் என்றே ஞாபகம் இல்லை, ஆனால் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அதிகம் சுற்றிய பதிவு எது தெரியுமா? "கொஞ்சம் லூஸா இருக்கட்டும் என்பவரும் கொஞ்சம் டைட்டா இருக்கட்டும் என்பவரும் கொண்டுவருவது ஒரே அளவு ஜாக்கெட்டைத்தான்." என் பெயரை வெட்டிவிட்டு ஊரெல்லாம் போய், கடைசியில் நாத்தனார் எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, "உன் தொழிலைப் பத்தி யாரோ சரியா எழுதியிருக்காங்க பாரு" என்றார்.

சுருக்கமாக எழுதப் பழகினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் பாதிதான் உண்மை. கம்ப்யூட்டர் கணக்கில் கொம்பும் புள்ளியும் தனித்தனி எழுத்து. "கொக்கு" நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஆறு. ஒரு பதிவுக்கு 140 எழுத்துதான் என்றிருந்த வரம்பை 2017 நவம்பரில் 280 ஆக்கும்வரை, சொல்லுக்குச் சொல் இடைவெளியை விழுங்கித்தான் ஓட்டினேன். அந்தக் காலப் பதிவுகளை இப்போது எனக்கே படிக்க முடியவில்லை.

தொடரலாமா, மூடிவிடலாமா? ஒரு வேண்டுகோள்: திருக்குறளே அந்தக் காலத்துக் கீச்சுதான் என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள். பதினொரு வருஷமாகக் கேட்டுவிட்டேன்.

சும்மாஇரு எழுதியது:

மூடிவிடுங்கள் அக்கா. 2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு அதை வாங்கினாரே, அந்த மாதமே நான் வெளியே வந்துவிட்டேன். கொள்கை எல்லாம் இல்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது. நான் இல்லாதது அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து எனக்கும் தெரியவில்லை.

எட்டரைமழை எழுதியது:

அக்கா, நானும் உங்கள் மாவட்டம்தான், கடற்கரைப் பக்கம். மொட்டைமாடியில் மழைமானி வைத்திருக்கிறேன். தினமும் காலை 8.30-க்கு அளவெடுத்து ஒரு வரி போடுவேன். வானிலைத் துறையின் மழைக்கணக்கு எட்டரைக்கு எட்டரைதான், அதனால் அந்த நேரம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் "0.0 மி.மீ." என்றுதான் இருக்கும். பின்தொடர்பவர்கள் 212 பேர், அதில் பாதி என்னைப் போன்ற மழைப் பைத்தியங்கள்.

2023 டிசம்பர் 17 ராத்திரி. என் குடுவை 200 மி.மீ. வரைதான் பிடிக்கும். இரண்டு தடவை கொட்டிவிட்டுத் திரும்ப வைத்தேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு கோட்டைப் பார்க்க வேண்டும். குடை என்ன குடை, பேருக்குத்தான். 11.10-க்கு, "இதுவரை 412. விடவில்லை. தெற்குத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்" என்று போட்டேன். காலையில் காயல்பட்டினம் 95 செ.மீ. என்று அறிவித்தார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

தெற்குத் தெருக்காரர் ஒருவர் சென்னையில் வேலை பார்க்கிறார். அந்த வரியைப் பார்த்ததும் ஊருக்குப் போன் போட்டு, அப்பா அம்மாவை எதிர்வீட்டு மாடிக்கு ஏறச் சொல்லியிருக்கிறார். அப்போது லைன் கிடைத்தது. அரைமணி நேரம் கழித்துக் கிடைத்திருக்காது. பொங்கலுக்கு வந்தபோது வீடு தேடி வந்தார். நான் கேட்டேன், யாரோ எழுதியதை எப்படி நம்பினீர்கள் என்று. "நாலு வருஷமா சைபர் சைபர்னு போட்டுக்கிட்டே இருக்கிற ஆளு திடீர்னு 412-ன்னா, அது விளையாட்டா இருக்காதுல்ல" என்றார்.

அடையாறுக்கரை எழுதியது:

மழை என்றதும் என் பங்குக்கும் ஒன்று. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் வந்தபோது நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டில் உட்கார்ந்து, ட்விட்டரில் வரும் உதவிக் குரல்களை எக்ஸெல் தாளில் ஏற்றிக்கொண்டிருந்தோம். படகு வைத்திருப்பவர், சோறு வைத்திருப்பவர், மாடியில் நிற்பவர் என்று மூன்று நெடுவரிசை. அது இல்லாவிட்டால் பலருக்குப் படகு போயிருக்காது, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் மூன்றாம் நாள் என்ன ஆனது? "கோட்டூர்புரம், முதல் மாடி, பெரியவர், இன்சுலின் தேவை" என்ற ஒரு பதிவை மட்டும் நான் ஒருவனே நாற்பது தடவை பார்த்திருப்பேன். நேரமும் இல்லை, தேதியும் இல்லை. யாரோ வெட்டி ஒட்டியதை இன்னொருவர் வெட்டி ஒட்டியது. அந்த எண்ணுக்கு அடித்தால் பெரியவரே எடுத்தார். "தம்பி, நேத்தே மக வீட்டுக்கு வந்துட்டேன். விடிஞ்சதுலேருந்து போன் ஓயல. சார்ஜ் தீருது, வச்சிடவா?" என்றார். நல்ல மனசோடு பகிர்ந்த அத்தனை பேரும் சேர்ந்து அவருடைய பேட்டரியைத் தீர்த்தார்கள். நான் இப்போது படிப்பதோடு சரி, எதையும் பகிர்வதில்லை.

பழையதந்தி எழுதியது:

நான் மதுரையில் தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேலே தம்பி சொன்ன பிரச்சினை எங்களுக்கு வராது. ஒவ்வொரு தந்தியிலும் எந்த ஊரில், எத்தனை மணிக்குக் கொடுத்தது என்பது வாசகத்துக்கு முன்னாலேயே ஏறிவிடும். "அப்பா சீரியஸ், உடனே புறப்படு" என்று வந்தால், வீட்டில் முதலில் நேரத்தைத்தான் பார்ப்பார்கள், அப்புறம்தான் அழுவார்கள்.

எங்களிடமும் காலை வணக்கம் ரகம் இருந்தது. வாழ்த்துத் தந்தி. கல்யாணமா, தீபாவளியா, ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு எண். எண்ணை மட்டும் அனுப்பினால் போதும், முழு வாசகத்தை அந்தப் பக்கம் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் மூவாயிரத்துக்கும் அப்படி ஒரு எண் போட்டுத் தள்ளியிருப்பேன் அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ட்விட்டருக்குள் நுழைந்த அதே 2013-இல், ஜூலை மாதம், தந்தியை மூடினார்கள்.

ஒன்று கேட்கட்டுமா? அந்த 23,412-இல் நீங்கள் கேள்வியாகக் கேட்டவை எத்தனை? கேள்விக்குறி போட்டுத் தேடிப் பாருங்கள்.

ஊசிநூல் எழுதியது:

ஐயா, தேடினேன். "சாப்பிட்டாச்சா?" வகையைக் கழித்தால் தேறியது 61. அதில் ஒன்றை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

2018-இல் லெக்கிங்ஸ் தைக்க ஆரம்பித்த புதிது. பவர் மெஷினில் தையல் விட்டு விட்டு விழுந்தது. நாலு தையல் விழும், இரண்டு விழாது. இழுத்தால் பல்வரிசை மாதிரி இளிக்கும். புது ஊசி மாற்றினேன், நூல் டென்ஷனைக் கூட்டினேன், குறைத்தேன், எண்ணெய் விட்டேன். மெக்கானிக் வந்து, மெஷினையே மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கடுப்பில், "லைக்ராத் துணியில் தையல் தாண்டுகிறது, யாருக்காவது காரணம் தெரியுமா?" என்று எழுதியிருக்கிறேன்.

நாலு நிமிஷத்தில் பதில். திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். "அக்கா, மெஷின்ல கோளாறு இல்ல. நீங்க போட்டிருக்கிறது சாதா ஊசி. பனியன் துணிக்கு பால் பாயிண்ட் ஊசின்னு கேட்டு வாங்குங்க. கூர்முனை இழையைக் குத்தி அறுக்கும். உருண்டை முனை இழையை விலக்கிட்டு இறங்கும்." அவ்வளவுதான். இன்றுவரை அந்த ஊசிதான். லெக்கிங்ஸ், பள்ளிக்கூட விளையாட்டு டி-ஷர்ட் என்று கடை வருமானத்தில் கால்வாசி அதில்தான் ஓடுகிறது. அந்த மனிதருக்கு நான் போட்டிருக்கும் பதில்: "ம்". அடுத்த நிமிஷமே ஒரு முருகன் படத்தோடு வைகாசி விசாக வாழ்த்து.

மகளிடம் காட்டினேன். "உபயோகப்பட்டது உனக்கும்மா, உன்னால யாருக்குன்னுதான் நான் கேட்டேன்" என்கிறாள். வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்க வேண்டும்.

இப்போதைக்கு மூடவில்லை. காலை வணக்கத்தை நிறுத்தியிருக்கிறேன். மூன்று பேர் உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டார்கள். 140 டி-ஷர்ட் வெட்டக் கிடக்கிறது, கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வரமாட்டேன். மழைக்காரத் தம்பி, உங்கள் கணக்குப் பெயரைச் சொல்லுங்கள்.

எட்டரைமழை எழுதியது:

தனிமடலில் அனுப்பியிருக்கிறேன் அக்கா. இன்றைக்கும் 0.0.