இரண்டு இரவு நிறுத்தி வைத்தால் பற்றறி செத்துவிடுகிறது, எங்கே களவு போகிறது என்று தெரியவில்லை

கொக்குவில்காரன்:
வணக்கம் அண்ணைமார், அக்காமார். ஒரு மாதமாக மண்டை குழம்பிப் போய் இருக்கிறேன். கார் 2011 ஜப்பான் வண்டி, பெற்றோல், ஓட்டோமற்றிக் கியர், அதனால் தள்ளி ஸ்ராட் பண்ணவும் வழி இல்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து நிறுத்தினால் அடுத்த நாள் காலை இழுத்து இழுத்துத்தான் பிடிக்கிறது. சனி ஞாயிறு எடுக்காமல் விட்டால் திங்கள் காலை டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டிய நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஜம்ப் வயர் கேட்டு நிற்கிறேன். கராஜில் பற்றறி பழுது என்றார்கள், 35 அம்பியர் ஹவர் புதுசு போட்டேன், இரண்டு கிழமையில் அதே கதை. என்ஜின் ஓடும்போது 14.2 வோல்ற் காட்டுகிறது. இப்போது அல்டனேற்றரை, அதாவது ஓடும்போது பற்றறியை ஏற்றுகிற சாமானை, மாற்றச் சொல்கிறார்கள். காசைக் கொட்டுவதற்கு முன் யாராவது வழி சொல்லுங்கள்.

மானிப்பாய் அக்கா:
தம்பி, முதலில் டிக்கி லைற்றைப் பாருங்கள். எங்களுக்கு அதுதான் நடந்தது. மூடினதும் அணைகிறதா என்று வெளியில் இருந்து தெரியாது, போனில் வீடியோவைப் போட்டு உள்ளே வைத்து மூடிவிட்டு, பிறகு எடுத்துப் பார்த்தோம், லைற் எரிந்துகொண்டே இருந்தது. டாஷ்போர்ட் பெட்டி லைற்றையும் அப்படியே பாருங்கள்.

கொக்குவில்காரன்:
நன்றி அக்கா, இரண்டையும் பார்த்தேன், இரண்டும் அணைகிறது. வேறொருவர் ஒவ்வொரு இரவும் மைனஸ் முனையைக் கழற்றி வைக்கச் சொன்னார், அதையும் நேற்றுச் செய்தேன். இரவு 12.5, காலையிலும் 12.5, ஒரே அடியில் பிடித்தது.

சுன்னாகம் வயறிங்:
தம்பி, நீங்கள் தெரியாமலே பாதி வேலையை முடித்துவிட்டீர்கள். கழற்றி வைத்தபோது இறங்கவில்லை என்றால் பற்றறி நல்லது, குடிக்கிறது கார்தான். ஆனால் தினமும் கழற்றுவது வைத்தியம் இல்லை, மணிக்கூடும் செற்றிங்கும் அழியும், முனையும் தேய்ந்து லூசாகும். எது குடிக்கிறது என்று அளந்து பிடிக்கலாம். 10 அம்பியர் துளை உள்ள சாதாரண மல்ரிமீற்றர் ஒன்று போதும்.

திறப்பை எடுத்துவிட்டு, கழற்றின மைனஸ் வயருக்கும் பற்றறியின் மைனஸ் முனைக்கும் நடுவில் மீற்றரை வையுங்கள். சிவப்பு வயர் 10 அம்பியர் துளையில்தான் இருக்க வேண்டும். மீற்றர் நடுவில் இருக்கும்போது திறப்பைப் போடவோ ஸ்ராட் பண்ணவோ கூடாது, உள்ளே இருக்கிற பியூஸ் அந்த நொடியே போய்விடும். சாரதிப் பக்கக் கதவைத் திறந்துவைத்து, கதவின் பூட்டு நாக்கை ஸ்குரூ டிரைவரால் தள்ளி மூடின நிலைக்குக் கொண்டுவாருங்கள், கார் கதவு பூட்டியிருக்கிறது என்று நம்பும். வேலை முடிந்து கதவைச் சாத்த முன் கைபிடியை இழுத்து அந்த நாக்கைத் திரும்ப விடுங்கள், மறந்து அடித்தால் பூட்டு உடையும்.

இனிக் காத்திருக்க வேண்டும். இதில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். மீற்றரை வைத்தவுடன் 2, 3 அம்பியர் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காரில் இருக்கிற கொம்பியூட்டர் பெட்டிகள் எல்லாம் முழித்து நிற்கும் நேரம் அது. அவை நித்திரைக்குப் போக 20 நிமிடம் ஆகலாம், சில வண்டிக்கு 40 நிமிடமும் ஆகும். ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வாருங்கள். கடைசியில் 50 மில்லி அம்பியருக்குள், அதாவது 0.05க்குள், வந்து நின்றால் அது சரி. அதற்கு மேலே நின்றால் இங்கே சொல்லுங்கள்.

கொக்குவில்காரன்:
அண்ணை, மாமரத்துக்குக் கீழே ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தேன். முதலில் 2.9, பிறகு 1.1, 20 நிமிடத்துக்குப் பிறகு 0.68. அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

சுன்னாகம் வயறிங்:
கணக்கைப் பாருங்கள். 0.68 அம்பியர் 60 மணித்தியாலம் ஓடினால் 40 அம்பியர் ஹவருக்கு மேல் போகும், உங்கள் பற்றறியோ 35. வெள்ளி இரவு நிறுத்தித் திங்கள் காலை எடுக்கப் போனால் எப்படிப் பிடிக்கும்? கொக்குவிலில் இருந்து ரவுணுக்குப் போய் வருகிற சின்ன ஓட்டம் போனதைத் திருப்பிக் கொடுக்காது.

அடுத்தது பியூஸ். ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டாம், கழற்றிப் போட்டால் நித்திரை கொண்ட பெட்டிகள் திரும்ப முழிக்கும், அளவு குழம்பும். மீற்றரை எடுத்துவிட்டு மைனஸ் வயரைப் பழையபடி பூட்டி, திரும்பவும் 20 நிமிடம் விடுங்கள். மீற்றரின் சிவப்பு வயரை வோல்ற் துளைக்கு மாற்றி, 200 மில்லிவோல்ற்றில் வைத்து, ஒவ்வொரு பியூஸின் முதுகிலும் தெரிகிற இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளைத் தொடுங்கள். கரண்ட் ஓடாத பியூஸ் 0.0 காட்டும். ஓடுகிறது என்றால் சில மில்லிவோல்ற் தெரியும், அதுதான் கள்ளன். எல்லாமே பூச்சியம் என்றால் அல்டனேற்றரின் தடித்த வயர், உள்ளே டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிறது) கசிகிறதா என்று பார்க்கலாம். அதற்கு முன் அல்டனேற்றரை மாற்ற வேண்டாம், 14.2 ஏற்றுகிற ஒன்றைச் சும்மா கழற்றக் கூடாது.

நல்லூரான்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். திறப்பு ஸ்மார்ட் கீ என்றால் அதைக் காருக்குப் பக்கத்தில் வைக்காமல் வீட்டுக்குள் தூரமாக வையுங்கள். பக்கத்தில் இருந்தால் சில கார்கள் நித்திரை கொள்ளாது, அளவு பிழைக்கும்.

கொக்குவில்காரன்:
அகப்பட்டுவிட்டது! ஒரே ஒரு 15 அம்பியர் பியூஸில் மட்டும் 3.2 மில்லிவோல்ற், மற்ற எல்லாம் பூச்சியம். மூடியில் ரேடியோ என்று போட்டிருக்கிறது. ஆனால் செற் அணைந்துதானே கிடக்கிறது, திரையும் கறுப்பு. எப்படி?

சுன்னாகம் வயறிங்:
செற் காரோடு வந்ததா, பிறகு போட்டதா?

கொக்குவில்காரன்:
பிறகு போட்டது அண்ணை. ஜப்பான் செற்றில் எஃப்எம் 90க்கு மேலே போகாது, இங்கே நாங்கள் கேட்கிற நிலையங்களில் பலது அதற்கு மேலேதான். அதனால் அன்ரொயிட் செற் ஒன்று போட்டோம், போன வருடம்.

சுன்னாகம் வயறிங்:
செற்றை வெளியே இழுத்து மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் பாருங்கள். மஞ்சளுக்கு எந்நேரமும் பற்றறிக் கரண்ட் வரும், நினைவுக்கு. சிவப்புக்குத் திறப்பு போட்டால்தான் வர வேண்டும், செற் அதை வைத்துத்தான் தன்னை நிறுத்துகிறது. பூட்டினவர் அந்தத் திறப்பு வயரைத் தேடாமல் இரண்டையும் ஒன்றாக முறுக்கியிருந்தால், திரை கறுத்தாலும் உள்ளே செற் இரவு முழுவதும் வேலை செய்யும்.

கொக்குவில்காரன்:
அண்ணை, அப்படியே இருந்தது. கறுப்பு ரேப் வெயிலில் உருகிப் பசை மாதிரி விரலில் ஒட்டியது, அதைப் பிரித்தால் சிவப்பும் மஞ்சளும் ஒரே முறுக்கில். சோல்டரும் இல்லை, ஸ்லீவும் இல்லை. சிகரெற் லைற்றருக்குப் போகிற வயரில் திறப்பு போட்டால் 12 வருகிறது, எடுத்தால் பூச்சியம், மீற்றரால் பார்த்தேன். சிவப்பை அதில் கொடுக்கலாமா?

சுன்னாகம் வயறிங்:
ஓம், கொடுக்கலாம். முறுக்க வேண்டாம், சோல்டர் பண்ணி ஹீற் ஸ்லீவ் போடுங்கள், நடுவில் ஒரு சின்ன பியூஸும் வையுங்கள். இத்தனை தரம் அடிவரை இறங்கின பற்றறியை ஒரு தரமாவது சார்ஜரில் போட்டு இரவு முழுக்க மெதுவாக ஏற்ற வேண்டும்.

கொக்குவில்காரன்:
வேலை முடித்துத் திரும்ப அளந்தேன், 25 நிமிடத்துக்குப் பிறகு 0.03. வெள்ளி இரவு சார்ஜரில் இருந்து எடுத்த பற்றறி, சனி ஞாயிறு காரைத் தொடவே இல்லை, இன்று திங்கள் காலை 12.6, முதல் அடியிலேயே பிடித்தது. பிள்ளை மணி அடிக்க முன்னமே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். அல்டனேற்றர் காசு கையில் இருக்கிறது அண்ணை, மிகவும் நன்றி. மற்றக் கார் அப்பாவுடையது, அதிலும் அதே ஆள்தான் செற் பூட்டினவர், பின்னேரம் அதையும் திறந்து பார்க்கப் போகிறேன்.